"இசட் டிரைவ் வரலை, சார்!"

காலையில் வேலை தொடங்கும் நேரத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியில்தான் ஆரம்பிக்கும். இசட் டிரைவ் என்பது ஃபைல்களைச் சேமித்து வைக்கும் அலுவலகப் பொதுக் கணினியான சர்வரில் எல்லோரும் பகிரும் ஃபோல்டர், உங்கள் கணினியில் ஒரு டிரைவாகத் தெரிவது. அலுவலகத்தில் இருந்தவரை யாரும் கண்டுகொள்ளாத இந்த ஷேர்டு ஃபோல்டர், வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியதும் தினசரித் தலைவலியாகிவிடுகிறது. "வரலை" என்ற அந்தச் சொல்லுக்குள் அரை டஜன் கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். அதில் எது என்று பார்க்காமல் கை வைத்தால், ஐந்து நிமிட வேலை அரை நாளைத் தின்றுவிடும்.

அதனால் நான் கேட்கும் முதல் கேள்வி, "திரையில் என்ன எழுதியிருக்கிறது?" என்பதுதான். "ஏதோ எர்ரர் வந்தது, மூடிட்டேன்" என்பது வழக்கமான பதில். மூடாதீர்கள். அந்த எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது. 53 என்றால் உங்கள் கணினியால் சர்வரையே எட்ட முடியவில்லை. 5 என்றால் சர்வர் வரை போய்விட்டீர்கள், உள்ளே நுழைய அனுமதி இல்லை. 86 என்றால் பாஸ்வேர்டு தவறு. 1219 என்றால் ஒரே சர்வருக்குள் இரண்டு வேறு பயனர் பெயர்களில் நுழையப் பார்க்கிறீர்கள். 53 வருகிறவருக்கு பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்துப் பயனில்லை. 5 வருகிறவரை ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லியும் பயனில்லை. ஆனால் நடைமுறையில் இந்த இரண்டும்தான் தினமும் நடக்கின்றன.

டிரைவின் மேல் சிவப்புக் குறுக்கு மட்டும் தெரிந்தால் பதற வேண்டாம். லேப்டாப்பில் நுழைந்த உடனே விண்டோஸ் பழைய டிரைவ்களை இணைக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் விபிஎன், அதாவது வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான இணைப்பு, இணைந்திருக்காது. அதனால் தோற்றுப்போய்க் குறுக்கைப் போட்டுவிடும். விபிஎன் இணைந்த பிறகு டிரைவை இரண்டு முறை கிளிக் செய்தால் பெரும்பாலும் திறந்துவிடும்.

விபிஎன் இணைந்தும் திறக்கவில்லையா? அப்போது பெயரைச் சந்தேகப்படுங்கள். அலுவலகச் சர்வரின் பெயர் அலுவலகத்து டிஎன்எஸ்ஸுக்கு (பெயரைக் கேட்டு முகவரி எண்ணைச் சொல்லும் சேவை) மட்டுமே தெரியும். உங்கள் வீட்டு ரவுட்டரிடம் கேட்டால் அது விழிக்கும். சர்வரின் சுருக்கப் பெயருக்குப் பதிலாக டொமைன் (அலுவலக நெட்வொர்க்கின் பெயர்) சேர்ந்த முழுப் பெயரை அடித்துப் பாருங்கள். அதில் திறந்தால் கோளாறு எங்கே என்று ஐடி ஆளுக்கு உடனே புரிந்துவிடும். சர்வரின் முகவரியான ஐபி எண்ணை வைத்தே டிரைவை இணைத்துவிடுவது பலருடைய குறுக்குவழி. சோதித்துப் பார்க்க அது சரி, நிரந்தரமாக வேண்டாம். ஐபி எண்ணில் போனால் நீங்கள் யார் என்று சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை வழக்கமாக வேலை செய்யாது, அதைவிடப் பாதுகாப்புக் குறைந்த பழைய என்டிஎல்எம் முறைக்கு இறங்கிவிடும். நாளைக்குச் சர்வரை மாற்றினால் அத்தனை பேருடைய டிரைவும் ஒரே நாளில் விழும்.

என்னை மிகவும் ஏமாற்றிய கோளாறு வேறொன்று. கணக்குப் பிரிவில் ஒருவருக்கு செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஃபோல்டர் திறக்கும், வீட்டு பிராட்பேண்டில் திறக்காது. விபிஎன் இரண்டிலும் இணைகிறது. சர்வரின் ஐபிக்கு பிங் (அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கும் கட்டளை) அடித்தால் பதிலும் வருகிறது. பதில் வருவதால் பாதை சரிதான் என்று முடிவு கட்டி, அனுமதிகளையும் பாஸ்வேர்டையும் இரண்டு நாள் குடைந்துகொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால், பதில் சொன்னது சர்வரே இல்லை, அவர் வீட்டு பிரிண்டர்! அலுவலகச் சர்வர் 192.168.1.10. அவர் வீட்டு ரவுட்டரும் அதே 192.168.1 வரிசையில்தான் எண் கொடுக்கிறது. லேப்டாப்பைப் பொறுத்தவரை அந்த முகவரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, அப்புறம் எதற்கு விபிஎன் வழியாக வெளியே போக வேண்டும்? வீட்டு ரவுட்டரின் எண் வரிசையை மாற்றினோம், அந்த நிமிடமே திறந்தது. புதிதாக அலுவலக நெட்வொர்க் அமைக்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: 192.168.0, 192.168.1 இரண்டையும் வீட்டு ரவுட்டர்களுக்கு விட்டுவிடுங்கள். 10 என்று தொடங்கும் வரிசையில் உங்களுக்கு எவ்வளவோ இடம் இருக்கிறது.

இதில் எனக்கு இன்னொரு பாடமும் கிடைத்தது. பிங் பதில் தந்தால் அந்த எண்ணில் ஏதோ ஒன்று உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். ஃபோல்டர் பகிர்வு நடப்பது எஸ்எம்பி என்ற முறையில், 445 என்ற போர்ட் வழியாக. போர்ட் என்பது கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட கதவு மாதிரி. விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லின் டெஸ்ட் நெட்கனெக்‌ஷன் (Test-NetConnection) கட்டளையில் அந்த போர்ட் எண்ணைக் கொடுத்துச் சோதித்தால் கதவு திறந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

445 என்றதும் ஒரு எச்சரிக்கை. "விபிஎன் தொல்லையாக இருக்கிறது, அந்த போர்ட்டை அலுவலக ரவுட்டரில் வெளியே திறந்துவிட்டால் என்ன?" என்று கேட்கும் நிர்வாகிகளை நான் பார்த்திருக்கிறேன். கூடவே கூடாது. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இந்தக் கதவு வழியாகத்தான். எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டையை அது பயன்படுத்தியது. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. பல இணையச் சேவை நிறுவனங்கள் 445 போர்ட்டை அடைத்து வைத்திருப்பது இதுபோன்ற ஆபத்துகளால்தான்.

இனி பாஸ்வேர்டுக்கு வருவோம். வீட்டிலிருந்தபடி பிரவுசரில் பாஸ்வேர்டை மாற்றுகிறீர்கள். விபிஎன் புதியதைக் கேட்கிறது. லேப்டாப் மட்டும் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் பழையதிலேயே திறக்கிறது. ஃபோல்டரைத் தொட்டதும் லேப்டாப் பழைய பாஸ்வேர்டைச் சர்வருக்கு அனுப்பும். நாலைந்து முறை அப்படி நடந்தால் கணக்கே பூட்டிக்கொள்ளும். விபிஎன் இணைப்பில் இருக்கும்போதே திரையைப் பூட்டி, புதிய பாஸ்வேர்டைத் தட்டித் திறங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்தது. அப்புறமும் தொல்லை என்றால் கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, அந்தச் சர்வரின் பெயரில் கிடக்கும் பழைய பதிவை நீக்குங்கள். "உங்களைக் குழுவில் சேர்த்துவிட்டோம்" என்று சொன்ன பிறகும் அனுமதி மறுக்கப்பட்டால் இதே பூட்டித் திறக்கும் வைத்தியம் பல நேரம் பலிக்கும்.

அனுமதி விஷயத்தில் தவறு செய்வது பெரும்பாலும் எங்கள் ஐடி ஆட்கள்தான். ஒரு ஃபோல்டருக்குப் பகிர்வு அனுமதி ஒன்று, அது இருக்கும் டிஸ்க்கின் அனுமதி இன்னொன்று. இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். இது புரியாமல், அவசரத்தில் 'எல்லோருக்கும் முழு உரிமை' என்று திறந்துவிடுகிறார்கள். பிரச்சினை தீர்ந்துவிடும், சம்பளப் பட்டியலும் எல்லோர் கண்ணிலும் படும்.

வீட்டில் சின்ன நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைத்து ஃபைல்களைச் சேமிக்கும் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்புக்கு மாறியதும் அது திடீரென்று மறுக்கலாம். பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் நுழைவை அந்தப் பதிப்பு ஏற்பதில்லை, தகவல் நடுவில் மாற்றப்படவில்லை என்று காட்டும் எஸ்எம்பி கையொப்பத்தையும் கட்டாயமாகக் கேட்கிறது. பெட்டியில் ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, கையொப்ப வசதியையும் இயக்குங்கள். விண்டோஸின் பாதுகாப்பை அணைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம்.

திறக்கிறது, ஆனால் ஆமை வேகம் என்பவர்களுக்கு: ஒரு ஃபோல்டரைத் திறக்க உங்கள் கணினியும் சர்வரும் எத்தனையோ முறை கேள்வி பதில் பேசிக்கொள்கின்றன. அலுவலகத்துக்குள் ஒவ்வொரு முறையும் ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. வீட்டிலிருந்து ஐம்பது ஆகலாம். வேகமான இணைய பிளான் வாங்கினாலும் இந்தத் தாமதம் பெரிதாகக் குறையாது. பெரிய எக்செல், அதிலும் ஆக்சஸ் டேட்டாபேஸ் என்றால் விபிஎன் வழியாகத் திறக்கவே வேண்டாம். நடுவில் இணைப்பு அறுந்தால் டேட்டாபேஸ் கெட்டுப்போகலாம். ரிமோட் டெஸ்க்டாப்பில் அலுவலகக் கணினிக்குள் நுழைந்து அங்கேயே வேலை பாருங்கள்.

இணைப்பு அறுந்து திரும்பி வந்ததும், "இந்த ஃபைலை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்" என்று வரும். யார் என்று பார்த்தால் உங்கள் பெயரே இருக்கும். நீங்கள் போய்விட்டது சர்வருக்கு இன்னும் தெரியவில்லை. சற்றுப் பொறுங்கள், அல்லது சர்வரில் அந்த ஃபைலை மூடச் சொல்லி ஐடி ஆளிடம் கேளுங்கள். பொறுக்காமல் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் புதியது' என்று மூன்று பிரதிகள் போட்டுவிட்டு, மாதக் கடைசியில் எது உண்மையான ஃபைனல் என்று என்னிடம் கேட்டால், அதற்கு என்னிடம் எந்தக் கட்டளையும் இல்லை.