ரிக் வேலைக்கு முதலில் வேண்டியது கைத்தொழில், சான்றிதழ் அப்புறம்

பிளஸ் டூ முடித்த பையனை, கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக் மேடை வேலைக்கான ‘ரிக் கோர்ஸில்’ சேர்த்துவிடலாமா என்று நாகர்கோவில், மார்த்தாண்டம், கொல்லங்கோடு பக்கத்துப் பெற்றோர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கையில் ஒரு தொழிலும் இல்லாமல் அதற்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில். வீட்டு நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் அது.

கடலடியில் கால் ஊன்றி நிற்கும் ஒரு ஜாக்கப் ரிக்கில் ஏறத்தாழ நூறு பேர் இருப்பார்கள். துளையிடும் குழு அதில் ஒரு பகுதிதான். மீதிப் பேர் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், வெல்டர், கிரேன் ஆபரேட்டர், சமையல்காரர், மருத்துவ உதவியாளர் போன்றவர்கள். தொழில் தெரியாதவருக்குக் கிடைக்கக்கூடியது ரவுஸ்டபவுட் வேலை: டெக்கில் சரக்கைக் கட்டுவது, துரு சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, துளையிடும்போது கிணற்றில் செலுத்தும் ‘மட்’ என்ற குழம்பைக் கலக்க மூட்டை சுமப்பது. அங்கிருந்து ஃப்ளோர்மேன், டெரிக்மேன், அசிஸ்டென்ட் டிரில்லர், டிரில்லர் என்று ஏறலாம். ஆனால் பல நாடுகள் இந்த அடிநிலை வேலைகளை உள்ளூர்க்காரர்களுக்கே ஒதுக்குகின்றன. வெளியூர்க்காரரை எடுப்பது பெரும்பாலும் தொழில் தெரிந்த கைக்காகத்தான்.

அதனால் கோணம் அரசு ஐடிஐ போன்ற இடத்தில் தொடங்குவது நல்லது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு ஆண்டு, வெல்டர் ஓராண்டு. அதன்பின் கொச்சி கப்பல் கட்டும் தளம், காட்டுப்பள்ளி கப்பல் யார்டு, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை என்று இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் சேர்க்க வேண்டும். வெல்டர் என்றால் 6ஜி என்ற பைப் வெல்டிங் தேர்வில் தேறியே ஆக வேண்டும். இதில் பைப்பை 45 டிகிரி சாய்வில் பொருத்திவிடுவார்கள், திருப்ப முடியாது. மேற்பக்கம் அழகாக வரும். அடிப்பக்கத்தில், கைக்கு மேலே பார்த்து அடிக்கும் இடத்தில், ரூட் எனப்படும் முதல் அடுக்கு பைப்பின் உட்புறத்தில் குழிந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். பலர் தோற்பது அங்கேதான். பழகும்போது அந்த அடிப்பக்கத்துக்கே அதிக நேரம் கொடுங்கள்.

இனி சான்றிதழ். ‘போசியட்’ என்பது கடலில் உயிர் தப்பவும் அவசரத்தைச் சமாளிக்கவும் சொல்லித்தரும் மூன்று நாள் பயிற்சி. இத்துறைப் பயிற்சிக்குத் தரம் வகுக்கும் ஒபிட்டோ அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மையத்தில் முடித்தால் நான்கு ஆண்டு செல்லும். இது ரிக்குக்குப் போகும் ஹெலிகாப்டரில் ஏற அனுமதி, அவ்வளவுதான். தொழில் தெரியும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. வேலை உறுதியாகும் முன்பே எடுத்து வைத்தால் அந்த நான்கு ஆண்டும் வீட்டிலேயே கரைந்துவிடும். வேலைக்கு எடுத்தபின் தங்கள் செலவிலேயே அனுப்பும் நிறுவனங்களும் உண்டு.

இந்தப் பயிற்சியில் எல்லோரும் பயப்படுவது, தண்ணீரில் விழுந்த ஹெலிகாப்டரிலிருந்து தப்பப் பழக்கும் ‘ஹூவெட்’ பகுதிக்கு. ஹெலிகாப்டர் போன்ற கூண்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, நீச்சல் குளத்தில் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள். குளச்சல், தூத்தூர் பக்கம் கடலில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்ணீர் பயமில்லை. ஆனால் நீச்சல் தெரிந்த தைரியத்தில் பெல்ட்டை முதலிலேயே கழற்றினால் மாட்டிக்கொள்வார்கள். கழற்றியதும் உடம்பு மிதந்து மேலே போகும், இடம் வலம் தெரியாது, ஜன்னலைத் தள்ள ஊன்றிக்கொள்ளப் பிடிமானமும் இருக்காது. ஒரு கை ஜன்னல் சட்டத்தில் இருக்கட்டும். புரளுவது நிற்கும்வரை காத்திருங்கள். ஜன்னலைத் தள்ளித் திறந்து வெளி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அதன்பிறகே மறு கையால் பெல்ட்டை விடுங்கள்.

மருத்துவத் தேர்வில் இரத்த அழுத்தம், காது, நிறப்பார்வை, மார்பு எக்ஸ்ரே, போதைப்பொருள் சோதனை எல்லாம் உண்டு. சொத்தைப் பல்லை முன்பே சரிசெய்துவிடுங்கள். தாடியும் பிரச்சினைதான். ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு உள்ள எண்ணெய் வயல்களில் சுவாச முகமூடி தோலோடு ஒட்ட வேண்டும், தாடி இருந்தால் கசியும். அந்த வாயு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவை எட்டும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி நின்றால் ஆள் காலி.

வேலை 12 மணி நேர ஷிஃப்ட். ஒவ்வொரு வேலைக்கும் பெர்மிட் என்ற எழுத்து அனுமதி உண்டு. அது ஏன் முக்கியம் என்று பாருங்கள். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். பராமரிப்புக்காக ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்த தகவல் இரவு ஷிஃப்ட்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அதே பம்ப்பை ஓடவிட்டார்கள், வாயு கசிந்து வெடித்தது. வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் பேச்சில் (பாதுகாப்பு விளக்கத்தில்) சொன்னது ஆங்கிலத்தில் புரியவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள், திரும்பக் கேளுங்கள். ஆபத்து தெரிந்தால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நேற்றுச் சேர்ந்தவருக்கும் உண்டு.

ஏஜென்ட் விஷயத்தில் கறாராக இருங்கள். 1983 குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். பதிவு எண்ணை மத்திய அரசின் ‘ஈமைகிரேட்’ இணையதளத்தில் நீங்களே பாருங்கள். சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். கப்பல் பணியாளராக எடுப்பவர்களுக்குக் கப்பல் துறை இயக்ககத்தின் தனி உரிமம் வேண்டும். அவர்கள் வேலை வாங்கித் தருவதற்காக உங்களிடம் பணம் வாங்கவே கூடாது. ‘விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்றால் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் சம்பளத் தொகைக்கு முன் வேறு சிலவற்றைப் படிக்க வேண்டும். சம்பளம் மாதத்துக்கா, ரிக்கில் இருக்கும் நாளுக்கு மட்டுமா? கரையில் காத்திருக்கும் நாட்களுக்கும் விடுப்பு நாட்களுக்கும் உண்டா? திரும்பும் டிக்கெட், மருத்துவச் செலவு, விபத்துக் காப்பீடு யாருடையது? ஒப்பந்தத்தின் ஒரு நகலை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.