கேட், வாயில், படலை

டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் தொடங்கியதுமே வந்து நிற்கும் சொல் லாஜிக் கேட். மாணவர் பேச்சில் அது வெறும் கேட்: ஆண்ட் கேட், ஆர் கேட், நாட் கேட். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது வாயில், கொஞ்சம் விரித்தால் தருக்க வாயில். இலங்கையில் தமிழில் படிப்பவர்களுக்குத் தர்க்கப் படலை. எனக்குப் படலைதான் பிடிக்கும். ஏன் என்று சொல்வதற்கு முன் அந்தச் சுற்று என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

கேட் என்பது 0, 1 என்ற இரண்டு நிலைகளை மட்டும் அறிந்த ஒரு சிறு மின்சுற்று. உள்ளீடு ஒன்றோ பலவோ இருக்கும், வெளியீடு ஒன்று. ஆண்ட் கேட்டில் எல்லா உள்ளீடும் 1 ஆக இருந்தால்தான் வெளியீடு 1. இரண்டு உள்ளீட்டில் ஒன்றைக் காவலுக்கு வைத்துப் பாருங்கள். காவல் 1 என்றால், மற்ற கம்பியில் வருவது எதுவோ அதுவே வெளியே போகும். காவல் 0 என்றால் எது வந்தாலும் வெளியே 0தான். ரயில்வே கேட் போலத்தான்: சாலையில் வண்டி வருவது வேறு, அதை விடுவதா வேண்டாமா என்பது வேறு. பெயர் பொருந்துவது இந்த இடத்தில்.

இந்தக் கணக்கின் வேர் மின்சாரத்தில் இல்லை. மெய், பொய் என்ற இரண்டை வைத்து இயற்கணிதம் போடலாம் என்று கணிதவியலாளர் ஜார்ஜ் பூல் 1854இல் எழுதினார். சுவிட்சுகளையும், மின்சாரத்தாலேயே இயங்கும் சுவிட்சான ரிலேக்களையும் அதே இயற்கணிதத்தால் வடிவமைக்கலாம் என்று கிளாட் ஷானன் 1937இல் தம் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். தொடராக இணைத்த இரண்டு சுவிட்ச் ஆண்ட், பக்க இணைப்பில் உள்ள இரண்டு சுவிட்ச் ஆர், அதாவது ஏதாவது ஒரு உள்ளீடு 1 என்றாலே வெளியீடு 1. ஒரு வேடிக்கை: சுவிட்சை மூடினால் மின்சாரம் ஓடும், கேட்டை மூடினால் எதுவும் ஓடாது. புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவதில் வியப்பே இல்லை.

சரி, தமிழுக்கு வருவோம். லாஜிக்குக்குத் தர்க்கம் வடமொழிச் சொல், தருக்கம் அதன் தமிழ் வடிவம். தனித்தமிழ் எழுதுவோர் ஏரணம் என்பார்கள். அளவை என்றும் ஒரு பழைய சொல் உண்டு. மணிமேகலையில் அளவைவாதி ஒருவர் வந்து வாதம் பேசுவார். கேட்டுக்கு வருவோம். வாயில் என்பது வழி, திறப்பு. வாயிலை யாரும் சாத்துவதில்லை, வாயிற்கதவைத்தான் சாத்துவார்கள். படலை அப்படியில்லை. யாழ்ப்பாணத்து வீட்டு வேலியில் திறந்து சாத்தும் கதவுக்குப் பெயரே படலை. கூரை போட்டது என்றால் சங்கடப் படலை. தமிழ்நாட்டுப் பக்கமும் அது அந்நியச் சொல் இல்லை, ஓலையாலும் முள்ளாலும் கட்டி ஆட்டுப்பட்டிக்குச் சாத்துகிற படல் அதன் உறவுதான். மின்சுற்று செய்வது விடுவதும் தடுப்பதும் என்றால், படலை அதை நேராகச் சொல்கிறது.

ஆனால் எந்தப் பெயரும் எல்லா கேட்டுக்கும் ஒட்டாது. நாட் கேட்டுக்கு ஒரே உள்ளீடு. அது எதையும் தடுப்பதில்லை, 0ஐ 1 ஆக்கும், 1ஐ 0 ஆக்கும். எக்ஸார் கேட் இன்னும் சுவாரசியமானது. அதில் காவல் 0 என்றால் வந்தது அப்படியே போகும், 1 என்றால் தலைகீழாகிப் போகும். கூட்டும் சுற்றையே கழிக்கவும் வைப்பது இந்தத் தந்திரம்தான். நான்கு பிட்டில், அதாவது 0, 1 மட்டும் கொண்ட நான்கு இலக்கத்தில், 5 கழித்தல் 3 போடுவோம். 5 என்பது 0101. 3 என்பது 0011. நான்கு எக்ஸார் கேட்டின் காவலையும் 1 ஆக்கினால் அது 1100 ஆகிவிடும். அதே காவல் கம்பியை, கூட்டும் சுற்றில் வலது கடைசி இடத்தில் கூடுதலாகச் சேரும் 1 ஆகவும் கொடுத்துவிடுவார்கள். ஆகக் கணக்கு: 0101 கூட்டல் 1100 கூட்டல் 1. விடை 10010. ஐந்தாவது இடத்துக்குப் போன 1ஐ விட்டுவிட்டால் 0010, அதாவது 2. கழிப்பதற்கென்று தனிச் சுற்றே வேண்டாம். இதுதான் 2இன் நிரப்பு முறை. இங்கே எக்ஸாரைப் படலை என்பதும் வாயில் என்பதும் பழகிப்போன பெயர், அவ்வளவே.

இன்னொரு குழப்பமும் உண்டு. சில்லுகளுக்குள் சிறு மின் சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரின் ஒரு முனைக்கும் கேட் என்றே பெயர். ஆண்டின் விடையைத் தலைகீழாக்கித் தருவது நேண்ட் கேட். மாஸ்ஃபெட்டுகளை வைத்துச் சுற்று கட்டும் சிமாஸ் முறையில் இரண்டு உள்ளீட்டு நேண்ட் கேட் ஒன்றைக் கட்ட நான்கு டிரான்சிஸ்டர் வேண்டும். ஆக ஒரு கேட்டுக்குள் நான்கு கேட்! தமிழில் எழுதும்போது சுற்றைப் படலை என்றும் முனையைக் கேட் என்றும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

ஆண்ட், ஆர், நேண்ட், நார் என்ற பெயர்களை நான் மாற்றமாட்டேன். 7400 என்ற சில்லை வாங்கினால் அதன் 14 கால்களுக்குள் இருப்பது நான்கு நேண்ட் என்றுதான் விவரத்தாளில் இருக்கும், கடைக்காரரும் அப்படித்தான் கேட்பார். நிலவுக்குப் போன அப்பல்லோவின் வழிகாட்டும் கணினியில் தருக்க வேலை முழுவதையும் மூன்று உள்ளீட்டு நார் கேட்டுகளே (ஆரின் விடையைத் தலைகீழாக்குபவை) பார்த்துக்கொண்டன. அதைத் தமிழில் நார்ப் படலை என்று எழுதினால் மட்டும், பனை நாரால் பின்னியது போலிருக்கிறது என்று படிப்பவர் நினைக்கக்கூடும். அங்கே நோர்ப் படலை என்று எழுதுவது நல்லது.