வண்ணப் படத்துக்கு முன்னால் தெர்மோகப்பிள்

மெக்கானிக்கல் முடித்துவிட்டு வெப்பப் பரிமாற்ற ஆராய்ச்சிக்கு வர விரும்பும் பிள்ளைகள் பெரும்பாலும் கையில் ஒரு சிஎஃப்டி (திரவ, வாயு ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் முறை) படத்தோடு வருகிறார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். "உள்ளே கொடுத்த வெப்பமும் வெளியே வந்த வெப்பமும் ஒத்துப்போகிறதா?" என்று கேட்டால் பலரும் விழிக்கிறார்கள்.

இந்தத் தொழிலில் நம் நாளையெல்லாம் தின்பது அந்தக் கேள்விதான். ஒரு குழாயில் நொடிக்கு 0.1 கிலோ தண்ணீர் ஓடுகிறது, நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் 5 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் வாங்கிய வெப்பம் சுமார் 2.1 கிலோவாட். கணக்கு சுலபம். ஆனால் வெப்பநிலையை அளக்கும் சாதாரண கே வகை தெர்மோகப்பிள் 2.2 டிகிரி வரை கூடவோ குறையவோ காட்டலாம். தரவிதியே அதற்கு இடம் கொடுக்கிறது. இரண்டு தெர்மோகப்பிளும் எதிரெதிராகப் பிசகினால் அந்த 5 டிகிரி 0.6 ஆகவும் தெரியும், 9.4 ஆகவும் தெரியும். அதை வைத்துக்கொண்டு நான்கு தசமத்துக்கு நஸ்ஸல்ட் எண் (வெறும் கடத்தலைவிட ஓட்டம் எத்தனை மடங்கு வெப்பம் கொண்டுபோகிறது என்பதன் அளவு) எழுதி என்ன பயன்? முதலில் இரண்டையும் ஒரே நீர்த்தொட்டியில் சேர்த்து வைத்து, காட்டும் வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். சலிப்பான வேலைதான். அதற்குப் பொறுமை இல்லாதவர் வேறு துறை பார்ப்பதே நல்லது என்பேன்.

சூத்திரங்களிலும் இதே கதை. குழாயில் கொந்தளித்து ஓடும் தண்ணீர் போன்றவற்றுக்கு நஸ்ஸல்ட் எண்ணைத் தரும், 1930-இல் வந்த டிட்டஸ்–போல்டர் சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் கல்பாக்கத்தின் 500 மெகாவாட் அதிவேக ஈனுலை என்ற அணு உலையில் வெப்பத்தை எடுத்துச் செல்வது தண்ணீரல்ல, உருகிய சோடியம். வடிவமைப்புப்படி 400 டிகிரியை ஒட்டி உள்ளே போய், 550-ஐ ஒட்டி வெளியே வரும். திரவ உலோகம் என்பதால் கடத்தலாலேயே வெப்பம் அதற்குள் விறுவிறுவெனப் பரவிவிடும். அங்கே அந்தச் சூத்திரம் செல்லாது. ஏன் செல்லாது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் ஆய்வுக்கூடம் தேடுகிறது.

வேலைக்குப் பஞ்சமில்லை: கல்பாக்கம், மகேந்திரகிரி ராக்கெட் என்ஜின் சோதனைத் தளம், திருச்சி பெல் கொதிகலன்கள், இப்போது மின்வாகன பேட்டரிகளும் டேட்டா சென்டர்களும். எம்.டெக்.குக்கு கேட் தேர்வு வழக்கமான வாசல்.

மென்பொருள் லைசன்ஸ் விலையைப் பார்த்துத் தயங்க வேண்டாம், ஓப்பன்ஃபோம் என்ற சிஎஃப்டி மென்பொருள் இலவசம். சுவர் வெப்பநிலை மாறாத நீண்ட வட்டக் குழாயில் லாமினார் (கொந்தளிக்காமல் அடுக்கடுக்காகச் செல்லும்) ஓட்டத்தை முதலில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டம் முழுதாக வளர்ந்த பகுதியில் நஸ்ஸல்ட் எண் 3.66 வர வேண்டும். வராவிட்டால் முதலில் மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகக் குழாயைச் சிறு கட்டங்களாகப் பிரித்த வலையை, சந்தேகப்படுங்கள்.