மைசூர்ப் பருப்பு காட்டிக்கொடுக்கும் சர்க்கரை

மலிவாகக் கிடைக்கும், சீக்கிரம் வெந்துவிடும் என்று நாம் வாங்குகிற சிவப்பு மைசூர்ப் பருப்பில் ஒரு புரதம் இருக்கிறது. கல்லீரல் புற்றுநோயா, வெறும் அழற்சியா என்று மருத்துவர் குழம்பி நிற்கும் இடத்தில் அது துப்புக் கொடுக்கிறது.

கருவிலிருக்கும் குழந்தையின் கல்லீரல் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதத்தை ஏராளமாகச் சுரக்கும். சுருக்கமாக ஏ.எஃப்.பி. பிறந்த பிறகு அது வற்றிவிடும். பெரியவர்களின் இரத்தத்தில் பொதுவாக மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமைத் தாண்டாது. கல்லீரலில் புற்று வளர்ந்தால் பலருக்கு மறுபடியும் ஏறும். 1963-இல் சோவியத் ஆய்வாளர் அபெலெவின் குழுவினர் இதை எலிகளிடம் கண்டார்கள். மறு ஆண்டே அதே நாட்டு ஆய்வாளர் டடாரினோவ் மனித நோயாளிகளிடம் கண்டார்.

ஆனால் மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி தாக்கினாலும், சிர்ரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் இருந்தாலும் ஏ.எஃப்.பி. ஏறத்தான் செய்யும். பரிசோதனைச் சீட்டில் 40 என்று இருந்தால் எதை நம்புவது? அந்த எண்ணை மட்டும் பார்த்து ஒரு குடும்பத்தைக் கலங்கடிப்பது கொடுமை. அலட்சியமாக விடுவது அதைவிடக் கொடுமை.

விடை, அந்தப் புரதத்தின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியில் இருக்கிறது. புரதத்தைக் கட்டும் வரிசை மரபணுவில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. சர்க்கரைக்கு அப்படி ஓர் அச்சு கிடையாது. செல்லுக்குள் நொதிகள் ஒவ்வொரு கண்ணியாகக் கோக்கின்றன. செல்லின் நிலை மாறினால் கோப்பும் மாறும். கல்லீரல் புற்றுச் செல்களில் சங்கிலியின் அடிக்கண்ணியில், அதாவது புரதத்தை ஒட்டிய இடத்தில், ஃபியூகோஸ் என்ற சிறு சர்க்கரை கூடுதலாகச் சேர்கிறது. இந்த வகைக்கு எல்3 என்று பெயர்.

பருப்பிலுள்ள புரதம் லெக்டின் வகையைச் சேர்ந்தது. சர்க்கரையைப் பற்றிக்கொள்வது அதன் இயல்பு. அடியில் ஃபியூகோஸ் இருந்தால் பிடி இறுகும், இல்லாவிட்டால் நழுவிவிடும். முடிபோன்ற நுண்குழாயில் லெக்டினை நிரப்பி, இரத்த நீரிலுள்ள ஏ.எஃப்.பி.யை ஒளிரும் எதிர்ப்பொருளால் அடையாளமிட்டு, மின்புலத்தில் ஓடவிடுகிறார்கள். சாதாரண ஏ.எஃப்.பி. முன்னே ஓடிவிடும். எல்3, லெக்டினிடம் மாட்டி மாட்டிப் பின்தங்கும். திரையில் இரண்டு முகடுகள் தனித்தனியே எழும். மொத்தம் 40 நானோகிராமில் எல்3 மட்டும் 6 என்றால் 15 சதவீதம். 10 சதவீதத்தை எட்டினாலே எச்சரிக்கை மணி.

பருப்பைச் சாப்பிட்டால் புற்றுநோய் தெரியும், தீரும் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆய்வகத்தில் பயன்படுவது வேகவைக்காத மைசூர்ப் பருப்பிலிருந்து பிரித்தெடுத்த லெக்டின். சமைக்கும்போது அது சிதைந்துவிடும்.

எல்லாக் கல்லீரல் புற்றும் ஏ.எஃப்.பி.யைச் சுரப்பதில்லை; சிறிய கட்டியாக இருக்கும்போது எல்3-உம் ஏறாமல் போகலாம். தீவிரக் கல்லீரல் அழற்சியில் புற்று இல்லாமலே ஏறுவதும் உண்டு. அதனால் சிர்ரோசிஸ் உள்ளவர்கள், இரத்தச் சீட்டு நன்றாக வந்தாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் வயிற்று ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்.