ரேம் மாட்டும்போது ரப்பர் செருப்பு உதவாது

கம்ப்யூட்டரைத் திறந்து ரேம் மாட்டப் போகிறவரிடம் "காலில் ரப்பர் செருப்பு போட்டுக்கோ" என்று சொல்ல ஒருவராவது இருப்பார். கரண்ட் ஷாக் அடிக்காமல் இருக்க அது சரி. ஆனால் இங்கே காப்பாற்ற வேண்டியது உங்களை அல்ல, சிப்பை. உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் தரைக்குப் போகாமல் ரப்பர் அடைத்து வைக்கும், அது நீங்கள் தொடுகிற முதல் உலோகத்தில், அதாவது ரேமின் உலோக இணைப்பு முனையில் (இதைத்தான் பின் என்கிறார்கள்), மொத்தமாக இறங்கும்.

பாலியஸ்டர் சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தாலே போதும். ஒட்டியிருந்த இரண்டு பரப்புகள் பிரியும்போது ஒன்றின் எலக்ட்ரான்கள் கொஞ்சம் மற்றதில் தங்கிவிடுகின்றன, உடம்பு அதைச் சேமித்துக்கொள்கிறது. சோதனைகளில் மனித உடம்பை 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்), கூடவே 1500 ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) என்றுதான் வைத்துக்கொள்கிறார்கள். அதில் 3000 வோல்ட் ஏறியிருந்தால், தொடும் கணத்தில் 2 ஆம்பியர் வரை பாயும், ஒரு மைக்ரோ விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். விரலில் சுள்ளென்று தெரிய ஏறக்குறைய அந்த 3000 வோல்ட்டாவது வேண்டும். 500 வோல்ட் பாய்ந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சிப்புக்குத் தெரியும். சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் என்ற நுண்ணிய சுவிட்சில், அதை இயக்கும் 'கேட்' என்ற முனைக்குக் கீழே இருக்கும் ஆக்சைடு படலம், தோராயமாக ஒரு நானோமீட்டர் தடிமனுக்கு 1 வோல்ட்தான் தாங்கும். அதனால்தான் பெரும்பாலான சிப்களில் ஒவ்வொரு பின்னுக்கும் அதிக மின்னழுத்தத்தைத் திருப்பிவிடும் பாதுகாப்பு டயோடு வைக்கிறார்கள், தனியாக வாங்கும் பல மாஸ்ஃபெட்களில் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) அதுவும் கிடையாது. ஒரேயடியாகச் செத்துப்போனாலாவது தெரிந்துவிடும். அரைகுறையாக அடிபட்டு, கொஞ்ச நாள் ஓடிவிட்டு அப்புறம் காரணமே தெரியாமல் தொங்கும் போர்டுதான் பெரிய தலைவலி.

சரி, என்ன செய்வது? மின்னழுத்த வித்தியாசம் இருந்தால்தான் மின்னூட்டம் பாயும். நீங்களும் கேபினெட்டும் (கம்ப்யூட்டரின் உலோகப் பெட்டி) மாட்டப்போகும் பாகமும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் போதும், அது பூஜ்ஜியமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும், ஒயரும் கிளிப்பும் உள்ள ரிஸ்ட் ஸ்ட்ராப் செய்வது இதைத்தான். அதன் கிளிப்பை கேபினெட்டில் பெயின்ட் இல்லாத இடத்தில் மாட்டுங்கள். அதற்குள் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும், தவறிப்போய் 230 வோல்ட் மேலே பட்டாலும் கால் மில்லி ஆம்பியருக்கு மேல் பாயவிடாது. ஒயர் இல்லாத ஸ்ட்ராப் என்று ஒன்று விற்கிறார்கள், ஒயரே இல்லாவிட்டால் மின்னூட்டம் எங்கே போகும், அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஸ்ட்ராப் இல்லையா, கேபினெட்டின் வெறும் உலோகத்தை அடிக்கடி தொட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். புதுப் பாகத்தை, அது வரும் நிலைமின்சாரத் தடுப்புப் பையோடு கேபினெட்டில் ஒருமுறை வைத்துவிட்டு அப்புறம் வெளியே எடுங்கள். "பிளக்கைச் செருகி சுவிட்சை மட்டும் அணைத்து வை, எர்த் கிடைக்கும்" என்ற யோசனை நம் வீடுகளில் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் ஒயரே இல்லாத வீடுகள் இருக்கின்றன. ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே ஃபேஸ் வந்துகொண்டுதான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

ஸ்ட்ராப்பால் ஆகாத ஒன்றும் உண்டு. தெர்மோகோல், பபிள் ராப், செலோ டேப் போன்றவற்றில் மின்சாரம் ஓடாது, ஆகவே எங்கே கிளிப் மாட்டினாலும் அவற்றின் மின்னூட்டம் இறங்காது. மேஜையிலிருந்து தள்ளி வைப்பதுதான் வழி, ஒரு அடியாவது.

"வருஷக்கணக்கா வெறுங்கையாலதான் மாட்டறேன், ஒண்ணும் ஆகல" என்று சென்னைக்காரர்கள் சொல்வதில் பொய்யில்லை. ஈரக்காற்றில் எல்லாப் பரப்பின் மேலும் மெல்லிய நீர்ப்படலம் படிந்து, மின்னூட்டத்தைச் சேரவிடாமல் கசியவிடும். ஆனால் ஏசி அந்த ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, அதனால் ஏசி அறையில் அந்த அனுபவத்தை நம்ப வேண்டாம்.

கழற்றிய ரேமை வைக்கப் பை இல்லையென்றால் சமையலறை அலுமினியம் ஃபாயிலில் சுற்றலாம். மதர்போர்டை மட்டும் அப்படிச் சுற்றாதீர்கள், அதில் காசு வடிவ பேட்டரி இருக்கிறது, ஃபாயில் பட்டு ஷார்ட் ஆகிவிடும்.