நெருப்புச் சுவரும் இல்ல, தீயரணும் இல்ல: ஃபயர்வாலுக்கு என்ன சொல்லு?

தச்சநல்லூர்ல மைனி வீட்டு கம்ப்யூட்டர போன வாரம் திறந்து பாத்தா ஃபயர்வால், அதான் நெட்ல இருந்து வேண்டாதது உள்ள வராம மறிக்கிற காவல் சாஃப்ட்வேர், ஆஃப்ல கெடக்கு. யாரு ஆஃப் பண்ணுனான்னு கேட்டா மைனியேதான் பண்ணிருக்காவ. "இந்த கத்திரி வெயில்ல பெட்டி ஏற்கனவே கொதிக்கி தம்பி, ஃபேன் சத்தம் வேற காத அடைக்கி, அந்த புஸ்தகத்துல பாத்தா நெருப்புச் சுவர் இயக்கத்துல இருக்குன்னு போட்டிருக்கு, அதான் சூட்டுக்கு காரணம்னு அணைச்சிட்டேன்"ன்னு சொல்லுதாவ. புஸ்தகம்னா ஆன்டிவைரஸ் டப்பாக்குள்ள வந்த நாலு பக்க தமிழ்க் குறிப்பு, அதுல ஃபயர்வாலத்தான் நெருப்புச் சுவர்னு தமிழ்ப்படுத்தி போட்டிருக்கு. மைனி முப்பது வருசம் பள்ளிக்கூடத்துல தமிழ் எடுத்தவுக. தமிழ தமிழாத்தான் படிச்சிருக்காவ, நெருப்புச் சுவர்னா நெருப்பா நிக்கிற சுவர்னு புரிஞ்சிருக்கு. தப்பு அவுக மேல இல்ல, அந்த சொல்ல எழுதினவன் மேலதான். இந்த ஒரு மாசத்துல இதே சொல்ல நாலாவது தடவையா கேக்கேன், அதான் எழுதிரலாம்னு உக்காந்துட்டேன்.

சொல்லோட கதை சின்னதுதான். ஃபயர்வால் முதல்ல கொத்தனார் சொல்லு. ஒரு கட்டடத்துல தீப்பிடிச்சா அடுத்த கட்டடத்துக்கு தாவிராம இருக்க நடுவுல எழுப்புற கனத்த சுவர். கார்ல எஞ்சினுக்கும் ஆள் உக்காருற இடத்துக்கும் நடுவுல இருக்க தகட்டுக்கும் அதே பேருதான். 1980கள் கடைசியில நெட்வொர்க்காரங்க அத எடுத்துக்கிட்டாங்க, வெளி நெட்வொர்க்ல பிடிச்ச தீ நம்ம நெட்வொர்க்குக்குள்ள வந்துரக் கூடாதுங்கிற எண்ணத்துல. அதாவது சுவரு நெருப்பு இல்ல, நெருப்பு அந்தப் பக்கம், சுவரு நடுவுல, நாம இந்தப் பக்கம். நெருப்புச் சுவர்னு போட்டவன் இத அப்படியே தலகீழாக்கிட்டான். இதுக்கேத்த மாதிரி படமும் போடுதாவ, செங்கல் சுவரு, அதுல தீக்கொழுந்து.

எங்க பெரியப்பா கோவில்பட்டி பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கெழுதினவுக. தீயோட குணம் தெரிஞ்சவுக யாருன்னா இவுகதான். மருந்து இருக்க ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் நடுவுல சுவரு இருக்குமே, அத என்னன்னு சொல்லுவிய பெரியப்பான்னு கேட்டேன். "தடுப்புச் சுவர்னுதான் சொல்லுவோம், வேற என்னன்னு சொல்ல"ன்னுட்டாவ. தீயோட புழங்குன மனுசருக்கு அந்தச் சுவர்ல நெருப்புங்கிற சொல்லே தேவப்படல பாருங்க.

சரி, தீயரண்? இதுதான் இப்ப கொஞ்சம் படிச்சவுக எல்லாம் எழுதுற சொல்லு, நெருப்புச் சுவர விட நல்லாத்தான காதுல விழுதுன்னு நானும் ரொம்ப நாளா அத பயன்படுத்திக்கிட்டுதான் இருந்தேன். மைனிகிட்ட சொன்னேன். அவுக உடனே குறள எடுத்துட்டாவ. அரண்னு ஒரு அதிகாரமே இருக்கு, 75ஆவது. அதுல 742ஆவது குறள் மணிநீர், மண், மலை, அணிநிழற்காடுன்னு நாலையும் அரணுக்குச் சொல்லுது, உரைகாரங்க அதுக்கு நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண்னு பேரு வச்சிருக்காங்க. இந்த நாலுலயும் முன்னால நிக்கிற சொல்லு என்ன வேல பாக்கு? நீராகிய அரண், மலையாகிய அரண். எது நம்மள காக்குதோ அதுதான் முன்னால நிக்கி. அந்த வரிசையில தீயரண்னு ஒண்ண கொண்டு போய் வச்சா தீயாகிய அரண்னுதான் விரியும், நெருப்ப மூட்டி சுத்தி வளச்சு வச்ச கோட்டை. திரும்பவும் அதே நெருப்புச் சுவருதான், கொஞ்சம் இலக்கியமா.

இன்னொன்னும் மைனி சொன்னாவ, அது எனக்கு தோணவே இல்ல. தீ-ங்கிறதுக்கு நெருப்புன்னு மட்டுமா பொருள்? தீவினைன்னா கெட்ட வினை. அப்படி பாத்தா தீயரண்னா கெட்ட அரண்னும் ஆகிரும். காக்குற சாமானுக்கு வைக்கிற பேராய்யா இது?

இதுக்கு எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்லணும். கொசுவலைன்னு சொல்லுதோம்லா, அது கொசுவால பின்னுன வலையா, கொசுவ தடுக்குற வலதான, அப்ப தீயரண்னா தீய தடுக்குற அரண்னு வச்சுக்கிட்டா என்னன்னு என் சிநேகிதன் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனா கொசுவால வல பின்ன முடியாதுன்னு பச்சப்பிள்ளைக்கும் தெரியும், அதனால அங்க குழப்பத்துக்கு இடமே இல்ல. நெருப்பால அரண் போட முடியும், காட்டுல ராத்தங்குறவன் மிருகம் கிட்ட வராம இருக்க சுத்தி தீ மூட்டுவான். போதாக்குறைக்கு நீரரண் மலையரண்னு பழைய வரிசை வேற கண்ணு முன்னால நிக்கி. ரெண்டு பொருளுக்கும் இடம் குடுக்குற சொல்லுல, தப்பான பொருள் முந்திக்கிட்டு வந்தா அந்த சொல்ல விட்டுரணும். பிடிவாதம் பிடிச்சு என்ன ஆகப்போகுது?

நான் சொல்லுத சொல்லு காவலரண். இது நான் கட்டுனது இல்ல, இலங்கைத் தமிழ் பேப்பர் படிக்கிறவுகளுக்கு நல்லா தெரிஞ்ச சொல்லு, ராணுவக்காரன் துப்பாக்கியோட காவலுக்கு நிக்கிற இடத்த அப்படித்தான் எழுதுவாங்க. ஃபயர்வால் செய்யுற வேலையும் அதேதான், சும்மா நிக்கிற சுவரு இல்ல அது. சுவரு எல்லாத்தையும் மறிக்கும், இது ஆள் பாத்து விடும்.

புளியரை செக்போஸ்ட்ட நெனச்சுக்கோங்க. செங்கோட்டை தாண்டி கேரளாவுல இருந்து வர்ற லாரிய நிறுத்தி எங்க இருந்து வருது, எங்க போகுதுன்னு பேப்பர பாப்பாங்க. ஃபயர்வாலும் அப்படித்தான், எந்த முகவரியில இருந்து எந்த வாசலுக்கு வந்திருக்குன்னு பாக்கும். போர்ட்னு சொல்லுதாங்களே, அந்த வாசல் நம்ம கம்ப்யூட்டர்ல 65,536 இருக்கு. விண்டோஸ்ல இருக்க ஃபயர்வால் நாம கூப்பிடாம தானா வெளிய இருந்து வர்றத மறிக்கும், நாம கேட்டு வர்றத உள்ள விட்டுரும், உள்ள இருந்து வெளிய போறத பெரும்பாலும் கண்டுக்காது. மூடைய பிரிச்சு உள்ள என்ன இருக்குன்னு பாக்குறது ஆன்டிவைரஸ் வேல. இந்த ரெண்டு வேலையும் வேற வேறன்னு நெருப்புச் சுவர்ங்கிற சொல்லு யாருக்காவது சொல்லிக் குடுக்குமா? வைரஸ் வந்தா எரிச்சிரும்னுல்லா நெனைக்காவ.

இந்த காவலரண் இல்லன்னா என்ன ஆகும்னு நான் கண்ணால பாத்திருக்கேன். 2003 ஆகஸ்ட்ல பாளையங்கோட்டையில ஒரு பிரவுசிங் சென்டர்ல உக்காந்திருக்கேன், வரிசையா ஒவ்வொரு சிஸ்டத்துலயும் ஒரு சின்ன பெட்டி வந்து அறுபதுல இருந்து கீழ எண்ணுது, எண்ணி முடிச்சதும் சிஸ்டம் தானா அணைஞ்சு திரும்ப வருது, வந்ததும் திரும்ப எண்ணுது. பிளாஸ்டர்னு ஒரு புழு, அதாவது ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொண்ணுக்கு தானா தாவுற கெட்ட ப்ரோகிராம். யாரும் எதையும் டவுன்லோடு பண்ணல, மெயில் திறக்கல, நெட்ல சேந்திருந்ததே போதும், 135ஆம் வாசல் வழியா உள்ள வந்துருச்சு. அப்போ இருந்த விண்டோஸ் எக்ஸ்பியில அப்பவே ஃபயர்வால் இருந்துச்சு, ஆனா ஆஃப்ல இருந்துச்சு. மறுவருசம் 2004ல ரெண்டாவது சர்வீஸ் பேக்னு பெரிய அப்டேட் வந்தப்பதான் அத ஆன்லயே வச்சு குடுத்தாங்க.

மொழிபெயர்க்கிறவுக பேர்ல எனக்கு கோவம் எதுக்குன்னா, அந்த சாமான ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டு எழுதுங்கன்னுதான். ஆன்டிவைரஸ எதிர்ப்பு வைரஸ்னு போடுதாங்க, எதிர்க்கிற வைரஸ்னுல்லா பொருள் வருது, வைரஸ் தடுப்பின்னு எழுத என்ன வலிக்கி? மால்வேருக்கு, அதான் கம்ப்யூட்டர கெடுக்குற ப்ரோகிராமுக்கு, தீம்பொருள், இது ரொம்ப பரவிட்ட சொல்லு, ஆனா தீம்னா இனிமை, தீம்பால் தீங்கனி எல்லாம் என்ன? மைனி அத இனிப்புப் பண்டம்னே படிச்சிருக்கலாம். நிரல்னா ப்ரோகிராம், கெடுநிரல்னு சொன்னா கெடுக்கிற நிரல்னு ஒரே பொருள்தான். தூய தமிழ்ல வேணும்னு நானும்தான் கேக்கேன். ஆனா தூய்மைன்னா சொல்லு பொருளோட ஒட்டி நிக்கணும், இங்கிலீஷ்ல உள்ள ரெண்டு துண்ட அகராதியில பாத்து மாத்தி ஒட்டுறது தூய்மை ஆகாது.

மைனி சிஸ்டத்துக்கு என்ன செஞ்சேன்னும் சொல்லிருதேன். டப்பாவுல வந்தது வருசம் முடிஞ்சு சந்தா கேட்டுக்கிட்டு கெடந்துச்சு, அத எடுத்தாச்சு. விண்டோஸோடயே வர்ற டிஃபெண்டர் வீட்டு சிஸ்டத்துக்கு போதும், ரெண்டு வைரஸ் தடுப்பி ஒண்ணா ஓடுனா ஒண்ண ஒண்ணு சந்தேகப்பட்டு சிஸ்டம்தான் இழுக்கும். சூட்டுக்கும் ஃபேன் சத்தத்துக்கும் பாதி காரணம் அதாத்தான் இருக்கும், மீதி உள்ள அடஞ்சிருந்த தூசி, பிரஷ்ஷ வச்சு தட்டி எடுத்தேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட ஆதரவு நின்னு போச்சு, அதனால 11க்கு ஏத்தியாச்சு. உலாவியில ஃபயர்பாக்ஸ், அதுல விளம்பரத்த மறைக்கிற யுபிளாக் ஒரிஜின், பொய்யான டவுன்லோடு பட்டன் பாதி அதுலயே மறஞ்சிரும். வெளியிடத்து வைஃபையில சேரும்போது பப்ளிக்கா ப்ரைவேட்டான்னு கேட்டா பப்ளிக்னு குடுங்கன்னு சொன்னேன். "பப்ளிக்னா எல்லாருக்கும் தொறந்து விடுறதுல்லா"ன்னு கேட்டாவ. இல்ல மைனி, நாம ஊர்ப்பொது இடத்துல நிக்கோம், வாசல சாத்திக்கோன்னு சொல்லுறதுன்னேன். கரண்ட் பில் கட்டலன்னு மெசேஜ் அனுப்பி ஒரு ஆப்ப போடச் சொன்னா எந்த காவலரணும் தடுக்காது, நாமளே வாசலத் தொறந்து விடுதோம், அப்படி பணம் போச்சுன்னா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் அடிக்கணும்னு எழுதி வச்சிட்டு வந்தேன்.

கிளம்பும்போது பாத்தா மைனி அந்த நாலு பக்க குறிப்ப எடுத்து வச்சு சிவப்பு பேனாவால நெருப்புச் சுவர்னு வர்ற இடம் பூரா அடிச்சு மேல காவலரண்னு எழுதிக்கிட்டு இருக்காவ. ஒம்பது இடத்துல இருந்துச்சாம்.