வலைக்கூண்டின் கால் எங்கே நிற்கிறது?

போன வைகாசியில் கொழும்புக்குப் பக்கத்துக் கல்கிசையில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு. நீச்சல் தடாகத்தைச் சுற்றிப் போட்ட வலைக்கூண்டில் கடல் பக்கத்து மூலைத் துண்டு மூன்றாவது தடவையாகக் கிழிந்திருந்தது. "தம்பி, நல்ல தடிச்ச வலையாப் பார்த்துப் போட்டுத் தாரும். காசு பரவாயில்லை" என்றார் வீட்டுக்கார ஐயா.

நான் வலையைத் தொடவில்லை. மூலைத் தூணை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. குனிந்து பார்த்தால், தூணின் அடியில் தரையோடு ஓடும் அலுமினியப் பட்டியில் வெள்ளையாக, மா தூவினது போலப் பூத்திருந்தது. அதற்கு நடுவே ஒரு பழுப்புக் கோடு, ஸ்க்ரூவின் தலை கறள் பிடித்து வழிந்த தடம். விரலால் திருப்பினேன், ஸ்க்ரூ கையோடு வந்துவிட்டது. நுனியில் ஒட்டியிருந்தது டைல்ஸ் பதித்த சாந்துத் தூள். டைல்ஸும் சாந்தும் சேர்ந்து இரண்டு அங்குலம், ஸ்க்ரூ ஒன்றரை அங்குலம். கொங்கிரீட்டை அது ஒரு நாளும் தொட்டதில்லை.

இந்த வகைக் கூண்டுகள் பெருகியது அமெரிக்காவின் புளோரிடாவில். ஆனால் நம் ஓட்டு வீட்டைத் தெரிந்தவர்களுக்கு இதன் உறுப்புகள் புதிதல்ல. தூண் தூண்தான். மேலே குறுக்கே போவது தீராந்தி. தீராந்திகளை இணைப்பவை சலாகைகள். தூண்களுக்கு நடுவே இடுப்பு உயரத்தில் ஒரு பட்டி, தரையோடு ஒரு பட்டி. கூண்டு வீட்டைத் தொடும் இடத்தில் மழைத் தண்ணீர் ஓட அகலமான ஒரு பீலி. மூலைகளில் சாய்வு முட்டு. வலை இதில் எதையும் தாங்குவதில்லை. சட்டத்தின் பள்ளத்தில் ரப்பர் நாடா வைத்து அழுத்திவிடுவதுதான்.

ஒன்றில் மட்டும் ஓட்டு வீட்டுக்கும் கூண்டுக்கும் பெரிய வித்தியாசம். ஓட்டுக் கூரை தன் பாரத்தாலேயே உட்கார்ந்திருக்கும். அலுமினியம் இரும்பின் மூன்றில் ஒரு பங்கு எடைதான், மேலே ஓடும் இல்லை. ஆகவே கூண்டின் காலுக்குப் பாரம் தாங்குவது சின்ன வேலை. பறந்துபோகாமல் பிடித்து வைப்பதுதான் பெரிய வேலை. வலை முழுக்க ஓட்டை, காற்று போய்விடும் என்பார்கள். முழுதாகப் போகாது. தூசியும் பாசியும் ஏறிய வலை, மழையில் நனைந்த வலை எல்லாம் காற்றை இன்னும் பிடிக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. தென்மேற்குப் பருவக் காற்று வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை கொழும்புக் கரையில் அடிக்கும். அத்தனை மாதமும் அந்த ஒன்றரை அங்குல ஸ்க்ரூ என்ன செய்யும்?

அப்புறம் அந்த வலை ஏன் ஒரே மூலையில் கிழிந்தது? சாய்வு முட்டு இல்லாத சட்டம் காற்றில் சதுரம் கோணி, சரிந்த சதுரமாகிறது. ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் இடையிலுள்ள தூரம் கூடும்போது, முட்டு செய்ய வேண்டிய வேலையை வலை செய்கிறது. வலையால் எத்தனை நாளைக்கு முடியும்? விசாரித்தால், பொருத்திய ஆட்கள் முட்டு கொண்டுதான் வந்திருக்கிறார்கள். கடல் மறைக்குது என்று ஐயாதான் கழற்றச் சொல்லியிருக்கிறார்.

கடலோரத்தில் ஸ்க்ரூ விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். அதுவும் அலுமினியத்தை நேரே தொடாமல் நடுவில் நைலோன் வாஷர் இருக்கவேண்டும். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகம் ஒட்டி நின்றால் அலுமினியம்தான் அரிபடும். தூணைப் பச்சைக் கொங்கிரீட்டில் நேரே புதைக்கும் மேசன் பாஸ்மாரையும் பார்த்திருக்கிறேன். சீமெந்தின் காரம் அலுமினியத்தைத் தின்னும். புதைத்தே ஆகவேண்டுமென்றால் தார்ப் பூச்சு பூசிவிட்டுப் புதையுங்கள்.

பீலியையும் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். நுளம்புக்குப் பயந்துதானே கூண்டு போடுகிறோம். 2017இல் இலங்கை முழுவதும் 1,86,000க்கு மேல் டெங்கு நோயாளிகள். சாதாரண 18க்கு 14 வலை, அதாவது அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18, மறு பக்கம் 14 கண், நுளம்பைத் தாராளமாகத் தடுக்கும். ஆனால் சரிவில்லாத பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் நின்றால், கூண்டின் தலையிலேயே நுளம்பு வளரும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏழெட்டு நாள் போதும்.

மின்சாரம் என் துறை இல்லை. ஆனாலும் ஈரத் தரையில் நிற்கும் இத்தனை பெரிய உலோகச் சட்டத்தை எர்த்தோடு இணைத்திருக்கிறதா, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை நீங்களே அமுக்கலாம்.

கல்கிசையில் என்ன செய்தோம் என்றால், எல்லாக் காலிலும் டைல்ஸையும் சாந்தையும் தாண்டிக் கொங்கிரீட்டுக்குள் போகும் நீள ஆங்கர் போட்டோம். கொங்கிரீட் தளத்தின் விளிம்பை ஒட்டித் துளைத்தால் வெடிக்கும் என்பதால் இரண்டு காலை உள்ளே தள்ளினோம். கடல் பக்கம் முட்டுக்குப் பதில் மெல்லிய ஸ்டீல் கம்பி. கம்பி இழுக்க மட்டுமே உதவும், தள்ள உதவாது. ஆகவே குறுக்கும் மறுக்குமாக இரண்டு கட்டவேண்டும். வலை அதே சாதாரண வலைதான். தடித்த வலை கூடுதல் காற்றைப் பிடிக்கும் என்று சொல்லித்தான் ஐயாவைச் சம்மதிக்க வைத்தேன்.

அதற்குப் பிறகு கிழியவில்லை. நான் போகும்போதெல்லாம் ஐயா அந்தக் குறுக்குக் கம்பிகளைக் காட்டி, "கடலைப் பிழையெண்டு வெட்டிவிட்டீர் தம்பி" என்கிறார்.